மூன்று தாரைகளின் கணக்கு

துகள் இயற்பியலில் நார்வேயின் பங்கைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் வரும் பெயர் ரோல்ஃப் விடெரோ. ஓஸ்லோ இன்னும் கிறிஸ்தியானியா என்று அழைக்கப்பட்ட 1902-இல் அந்நகரில் பிறந்தவர். இரண்டு துகள் கற்றைகளை எதிரெதிரே ஓடவிட்டு நேருக்கு நேர் மோதவிடலாம் என்று 1943-இலேயே எழுதிவைத்தவர். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் ஓடும் பெரிய ஹாட்ரான் மோதுவிப்பானுக்கு மூதாதை அந்த யோசனைதான் என்பதில் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிடும் வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. மோதவிடுவது பாதி வேலைதான். சிதறிப் பறப்பவற்றில் எதை எதோடு சேர்த்து எண்ணுவது என்பது மறுபாதி. குவார்க்கோ குளுவானோ ஒருபோதும் தனியாக வெளியே வருவதில்லை. ஒரே திசையில் நெருங்கிப் பாயும் ஒரு துகள்கூட்டமாகத்தான் அவை நமக்குத் தென்படும். அந்தக் கூட்டத்துக்கு ஜெட் என்று பெயர். தாரை என்று சொல்லலாம். தாரைகளின் வரலாற்றைப் பெரும்பாலும் படங்களின் வரலாறாகவே எழுதுகிறார்கள்: இன்ன ஆண்டில் இன்ன கருவி இன்ன படத்தைக் காட்டியது என்று. அதை அளவை விதிகளின் வரலாறாகப் படித்தால்தான் நடந்தது விளங்கும் என்பது என் கருத்து. அந்த மறுபாதியிலும் ஒரு நார்வேக்காரரும் ஒரு நார்வே நகரமும் நடுவில் நிற்பதால், இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

விடெரோ இயற்பியல் பேராசிரியர் அல்ல, மின்பொறியாளர். 1927-இல் ஆகன் நகரில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த கருவி, 25,000 வோல்ட் மின்னழுத்தத்தை இரண்டு தடவை பயன்படுத்தி, அயனிகளுக்கு 50,000 வோல்ட்டுக்கு உரிய ஆற்றலைக் கொடுத்தது. அது வெளியான ஜெர்மன் இதழின் படங்களைப் பார்த்துத்தான் கலிபோர்னியாவில் எர்னஸ்ட் லாரன்ஸுக்கு சைக்ளோட்ரான் என்ற வட்ட முடுக்கியின் யோசனை பிறந்தது. பிறகு பல ஆண்டுகள் விடெரோ மின் ரிலேக்களையும் மின்சார நிறுவன வேலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓஸ்லோவில் இருந்தபோது, அமெரிக்காவில் டொனால்ட் கெர்ஸ்ட் பீட்டாட்ரான் என்ற எலக்ட்ரான் முடுக்கியை ஓட்டிக்காட்டிவிட்டதை அறிந்து, முடுக்கி கட்டும் பழைய கனவுக்குத் திரும்பினார். 1943 கோடையில் டெலமார்க் மலைப்பகுதியில் துட்டால் என்ற ஊரில் விடுமுறையில் இருந்தபோது எதிரெதிர் மோதல் மனத்தில் உதித்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். செப்டம்பரில் ஜெர்மனியில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அது கிடைத்தது 1953-இல். இடைப்பட்ட காலம் இனிமையானதல்ல. ஜெர்மன் விமானப்படையின் பணத்தில் ஹாம்பர்க்கில் பீட்டாட்ரான் கட்டினார். தம்பி விகோ நாஜிச் சிறையில் இருந்தார். ஒத்துழைத்தால் தம்பிக்கு நிலைமை இளகும் என்ற நம்பிக்கை ஒரு காரணம் என்பது அவர் வாக்குமூலம். போர் முடிந்ததும் நார்வே அரசு அவரைக் கைது செய்தது, பின்னர் அபராதம் விதித்தது. எஞ்சிய வாழ்நாளை அவர் சுவிட்சர்லாந்தில் கழித்தார்.

அந்த யோசனையின் கணக்கு எளியது. ஓடும் துகள் நிற்கும் துகளைத் தாக்கினால் ஆற்றலின் பெரும்பகுதி இரண்டும் சேர்ந்து முன்னே நகர்வதிலேயே செலவாகிவிடும். இரண்டும் எதிரெதிரே வந்தால் அத்தனையும் புதிய துகள்கள் பிறக்கப் பயன்படும். ஹாம்பர்க்கின் பெட்ரா வளையத்தில் 1979-இல் எலக்ட்ரானும் பாசிட்ரானும் தலைக்கு 13.7 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டோடு மோதின, மொத்தம் 27.4. அதே பயனை நிற்கும் எலக்ட்ரான்மீது பாசிட்ரான் கற்றையைப் பாய்ச்சிப் பெற வேண்டுமானால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஹாம்பர்க்கில் விடெரோவோடு வேலை செய்த இளைஞர் ப்ரூனோ டூஷெக், இவ்வளவு வெளிப்படையான விஷயத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்று வாதாடினாராம். அவர்தான் 1961-இல் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டியில் அடா என்ற முதல் எலக்ட்ரான்-பாசிட்ரான் வளையத்தை ஓட்டிக் காட்டியவர் என்பதில் ஒரு சின்ன நகைச்சுவை இருக்கிறது.

மோதல் கிடைத்தால் தாரை தானாகத் தெரிந்துவிடும் என்றால், முதல் தாரைகள் செர்ன் ஆய்வகத்தின் ஐ.எஸ்.ஆர். வளையத்தில் சந்தேகமின்றித் தெரிந்திருக்க வேண்டும். அது உலகின் முதல் புரோட்டான்-புரோட்டான் மோதுவிப்பான். அதைக் கட்டிய குழுவின் தலைவர் ஷெல் யோன்சனும் நார்வேக்காரரே. முன்னதாக செர்னின் முதல் பெரிய முடுக்கித் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஓட் டாலும் அப்படியே.  ஐ.எஸ்.ஆரில் 1971-இல் மோதல்கள் தொடங்கின. பக்கவாட்டில் எதிர்பார்த்ததைவிட அதிக உந்தத்தோடு துகள்கள் பறப்பதும் விரைவிலேயே தெரிந்தது. ஆனாலும் அவை தாரைகளா என்ற வாதம் அந்தப் பத்தாண்டு முழுக்க ஓயவில்லை. உணர்கருவிகள் மோதல் புள்ளியை முழுதாகச் சூழ்ந்திருக்கவில்லை. ஒரே ஒரு வேகமான துகள் வந்தால் பதிவு செய் என்று கட்டளையிடப்பட்ட கருவி, தன் ஆற்றலையெல்லாம் ஒரு துகளிலேயே கொட்டிவிட்ட அபூர்வமான தாரைகளைத்தான் பொறுக்கி எடுக்கும். சரி, எல்லாப் பக்கமும் மூடிய, ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரை வைத்து மொத்த ஆற்றலைப் பார்த்தால்? அதே செர்னில், நிலையான இலக்கோடு இயங்கிய என்.ஏ.5 சோதனை அப்படியே செய்தது. பக்கவாட்டு ஆற்றல் மிகுந்த நிகழ்வுகளில் தாரை வடிவமே தெரியவில்லை என்பதுதான் முடிவு. ஒரு கேள்வி கேட்டால் தாரை இருக்கிறது, மற்றொன்று கேட்டால் இல்லை! 1982-இல் செர்னின் யு.ஏ.2 கருவி மிக உயர்ந்த ஆற்றலில் இரண்டு தாரைகளைத் தெளிவாகக் காட்டியபோதுதான் புரோட்டான் மோதல்களில் இந்தச் சர்ச்சை அடங்கியது.

எலக்ட்ரான்-பாசிட்ரான் பக்கம் நிலைமை சுத்தம், ஏனென்றால் மோதுபவை இரண்டும் அழிந்து முழு ஆற்றலும் ஒரு குவார்க் இணையாக மாறுகிறது. ஆனால் 1975-இல் கலிபோர்னியாவின் ஸ்பியர் வளையத்தில் தாரைகள் கிடைத்த விதத்தைப் பாருங்கள். கெய்ல் ஹான்சனும் சகாக்களும் எந்தப் படத்தையும் சுட்டிக்காட்டி "இதோ" என்று சொல்லவில்லை. அந்த ஆற்றலில் ஒவ்வொரு நிகழ்வும் நாலாபுறமும் சிதறிய சில தடங்களாகத்தான் இருந்தது. பியோர்கனும் ப்ராட்ஸ்கியும் 1970-இல் முன்வைத்திருந்த கோளத்தன்மை என்ற ஓர் எண்ணை ஒவ்வொரு நிகழ்வுக்கும் கணக்கிட்டார்கள். எல்லாத் திசையிலும் ஒரே சீராகச் சிதறினால் அது ஒன்றை நெருங்கும். ஒரே அச்சில் குவிந்தால் பூச்சியத்தை நெருங்கும். 3 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டில் தற்செயலான சிதறலிலிருந்து அதைப் பிரித்தறிய முடியவில்லை. 7.4-இல் எண்ணின் பரவல் பூச்சியத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. ஆயிரக்கணக்கான நிகழ்வுகளின் சராசரியாக, ஒரு சாய்வாக, அறிவியலுக்குள் நுழைந்தது தாரை. இரண்டாண்டு கழித்து ஸ்டெர்மனும் வைன்பெர்க்கும் கோட்பாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வரையறை தந்தார்கள்: எதிரெதிரான இரண்டு கூம்புகளை எடுத்துக்கொள், ஒரு சிறு பங்கு போக மீதி ஆற்றல் முழுவதும் அவற்றுக்குள் இருந்தால் அது இரட்டைத் தாரை நிகழ்வு. கூம்பின் கோணம் எவ்வளவு, அந்தச் சிறு பங்கு எவ்வளவு என்பதை நாமே தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்தபின் விடை கணக்கிட முடிந்த ஒன்றாகிவிடுகிறது.

இனி அந்த நார்வே நகரம், பெர்கன். குவார்க்குகளைப் பிணைக்கும் வலிய விசையின் துகள் குளுவான் என்றால், குவார்க் இணை பிறக்கும்போது சில வேளை ஒரு குளுவானையும் உதறியாக வேண்டும், அப்போது மூன்றாவது தாரை ஒன்று தோன்ற வேண்டும் என்று ஜான் எல்லிஸ், மேரி கயார், கிரஹாம் ராஸ் மூவரும் 1976-இல் எழுதியிருந்தார்கள். 1978-இல் ஓடத் தொடங்கிய 2.3 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெட்ரா வளையத்தில் நான்கு குழுக்கள் அதைத் தேடின: டாஸோ, ஜேட், மார்க்-ஜே, புளூட்டோ. டாஸோவின் முக்கியமானவர்களில் ஒருவர் பியோர்ன் வீக். 1937-இல் பெர்கனுக்கு அருகே புருவிக்கில் பிறந்தவர், பின்னாளில் ஹாம்பர்க்கின் டெசி ஆய்வகத்துக்கே தலைவரானவர். 1979 ஜூன் 18 முதல் 22 வரை பெர்கனில் நியூட்ரினோ மாநாடு நடந்தது. அங்கே டாஸோவின் சார்பில் வீக் ஒரு நிகழ்வின் படத்தைக் காட்டினார். மூன்று கொத்துகளாகப் பிரிந்து ஓடும் தடங்கள். குளுவான் தாரை பொதுமேடையில் காட்டப்பட்டது அதுவே முதல் தடவை. அடுத்த சில வாரங்களில் ஜெனீவா மாநாட்டில் மேலும் சில நிகழ்வுகள் காட்டப்பட்டன. ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் நான்கு குழுக்களும் தத்தம் சான்றுகளை வைத்தன.

இங்கே ஒரு தடை எழும், நியாயமான தடைதான். பெர்கனில் காட்டிய படத்தைப் பார்த்தவர்கள் மூன்று கொத்துகளைக் கண்ணாலேயே பார்த்தார்களே, விதி எங்கே வந்தது? அந்தப் படம் திரைக்கு வந்த வழியைப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். டாஸோ குழுவின் சாவ் லான் வூவும் கியோர்க் ஸோபர்னிக்கும் முன்னதாகவே ஒரு வழிமுறையை உருவாக்கியிருந்தார்கள். ஒரு நிகழ்வின் தடங்கள் எந்தத் தளத்தில் பெரும்பாலும் படிகின்றன என்று முதலில் கண்டுபிடிப்பது. உந்தங்களை அந்தத் தளத்தின்மீது வீழ்த்துவது. கோண வரிசையில் அடுக்குவது. பிறகு அடுத்தடுத்த தடங்களை மட்டுமே சேர்த்து மூன்று குழுக்களாக வெட்டுவது. வரிசைப்படி வெட்டுவதால், பார்க்க வேண்டிய பிரிவினைகளின் எண்ணிக்கை அந்நாளைய கணினியால் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்தது. எல்லா நிகழ்வுகளையும் இந்தச் சல்லடையில் போட்டுத்தான் அந்தப் படம் பொறுக்கப்பட்டது. கோட்டை நாம் வரைந்து தந்தபின் கண் மூன்றைப் பார்க்கிறது. மேலும் ஒற்றைப் படத்தின் வலு குறைவு என்பது அந்த அரங்கில் இருந்தவர்களுக்கும் தெரியும்: இரண்டு தாரைகளில் ஒன்று தற்செயலாகப் பிளவுபட்டாலும் மூன்று போலத் தோன்றும். அத்தகைய நிகழ்வுகள் எத்தனை வர வேண்டும், தற்செயலால் எத்தனை வரலாம் என்ற ஒப்பீடே முடிவைத் தந்தது. மார்க்-ஜே கருவியோ சிதறும் துகள்களின் உந்தத்தைத் தடம் தடமாக அளக்கும் வகையைச் சேர்ந்ததே அல்ல. ஆற்றல் எந்தப் பக்கம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டும் வைத்து அதே முடிவுக்கு வந்தது. நான்கு குழுக்கள், வெவ்வேறு அளவைகள். யார் முதலில் என்ற சண்டை நெடுநாள் நீடித்தது. நான்கு அளவைகளும் ஒரே இடத்தைச் சுட்டியது அதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

படம் கிடைத்தபின் தொல்லை கூடியது. குளுவான் எத்தனை தடவை உதறப்படுகிறது என்று எண்ணினால் வலிய விசையின் வலிமை கிடைக்கும். ஆனால் 1980-களின் தொடக்கத்தில் அந்த எண் கையில் நிற்கவில்லை. குவார்க் எப்படித் துகள்கூட்டமாக மாறுகிறது என்பதற்கான மாதிரியை மாற்றினால் விடையும் கணிசமாக மாறியது. தாரைகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே உருவாகின்றன என்று கொண்டால் ஒரு மதிப்பு. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் சொன்னதுபோல இழுபட்ட கயிறு அறுந்து துகள்கள் பிறக்கின்றன என்று கொண்டால் வேறு மதிப்பு. ஜேட் குழு அளந்து பார்த்தபோது, குவார்க்குக்கும் எதிர்க்குவார்க்குக்கும் இடைப்பட்ட வெளியில் துகள்கள் குறைவாகவும், குளுவானை ஒட்டிய வெளிகளில் அதிகமாகவும் இருந்தன; கயிற்று மாதிரி சொன்னதும் அதுதான். இதன் உட்பொருள் சங்கடமானது. இடைவெளியில் இருக்கும் துகள் எந்தத் தாரைக்குச் சொந்தம்? இரண்டுக்குமான உறவில் பிறந்த அதை ஒன்றுக்கு மட்டும் எழுதிவைக்கச் சொல்ல இயற்கையிடம் விடை இல்லை. 1986-இல் ஜேட் குழு பதிப்பித்த வழிமுறை இதைத் துணிந்து ஒப்புக்கொண்டது. எல்லாத் துகள்களிலும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய இரண்டை எடு, சேர்த்து ஒன்றாக்கு, மீண்டும் தேடு, நெருக்கம் நாம் வைத்த எல்லையைத் தாண்டும்போது நிறுத்து. மிஞ்சியவை தாரைகள். எல்லையை இறுக்கினால் ஐந்து, தளர்த்தினால் இரண்டு.

அப்படியானால் எந்த விதியும் ஒன்றுதானா? நெல் அளக்கும் மரக்காலில் குவித்து அளப்பதும் உண்டு, தலைதட்டி அளப்பதும் உண்டு. எது சரி என்று நெல்லைக் கேட்க முடியாது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே வழக்கத்தை ஒத்துக்கொண்டால் போதும். ஆனாலும் இரண்டும் ஒரே தரமல்ல. குவியலின் ஓரத்தில் நாலு மணி சரிந்தால் அளவு மாறும், தலைதட்டிய மரக்காலில் மாறாது. தாரை விதிகளுக்கும் இத்தகைய ஒரு தேர்வு உண்டு, அதை வைத்தது கோட்பாடு. ஆற்றலே இல்லாத அளவுக்கு மெலிந்த ஒரு குளுவான் கூடுதலாகப் பிறந்தாலும், ஒரு துகள் அப்படியே ஒட்டிய இரண்டாகப் பிளந்தாலும், தாரைகளின் எண்ணிக்கை மாறக் கூடாது. மாறுமானால் கணக்கில் முடிவிலிகள் தலைகாட்டி விடை அர்த்தமிழந்துவிடும். இந்தத் தேர்வில் பல விதிகள் தேறவில்லை. ஜேட் விதியிலேயே, வேறு வேறு திசையில் போகும் இரண்டு மெலிந்த துகள்கள் ஒன்றுசேர்ந்து இல்லாத தாரை ஒன்றை உண்டாக்கிவிடும். 1991-இல் வந்த டர்ஹாம் விதி அதைச் சீர்செய்தது. அமெரிக்காவின் டெவட்ரான் மோதுவிப்பானில் கூம்புகளை நகர்த்தி நகர்த்தித் தாரை தேடும் விதிகள் புழங்கின. 1990-இல் ஸ்னோமாஸ் கூட்டத்தில் ஓர் உடன்பாடு எட்டிய பிறகும், நடைமுறையில் ஒவ்வொரு குழுவும் தன் வசதிக்கு ஏற்பச் செய்தது. இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஒரு மெலிந்த துகள் முளைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் குறை நெடுநாள் நீடித்தது. சரியான விதிகள் கணினியில் மிக மெதுவாக ஓடின என்பதுதான் சாக்கு. கச்சியாரி, சலாம் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 2005-இல் வடிவக்கணித உத்தி ஒன்றால் அந்தச் சாக்கை நீக்கினார்கள். 2008-இல் சோயேயையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் தந்த எதிர்-கே.டி. விதியில் ஆற்றல் மிகுந்த துகளைச் சுற்றி மெலிந்தவை வட்டமாகத் திரளும். இன்று பெரிய ஹாட்ரான் மோதுவிப்பானின் அட்லஸ், சி.எம்.எஸ். கருவிகள் இரண்டும் வழக்கமாகப் பயன்படுத்துவது அதைத்தான்.

எல்லாம் மனிதர்கள் ஒத்துக்கொண்ட விதி என்றால் குவார்க்கும் குளுவானும் ஒப்பந்தப் பொருள்களே என்ற வாதமும் உண்டு. ஆண்ட்ரூ பிக்கரிங் 1984-இல் எழுதிய 'குவார்க்குகளைக் கட்டமைத்தல்' என்ற நூல் இந்தத் திசையில்தான் போகிறது: துகள் இயற்பியலாளர்களின் சமூகம் தன் நடைமுறைகளோடு பொருந்தும் உலகத்தைத் தானே கட்டிக்கொண்டது என்று. விதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நம்முடையது என்பதில் பிக்கரிங்கோடு எனக்கு உடன்பாடு. அதற்கு வரும் விடை நம்முடையதல்ல என்பதற்கு ஓஸ்லோ பல்கலைக்கழகமும் பெர்கன் பல்கலைக்கழகமும் பங்கேற்ற டெல்ஃபி சோதனையே சாட்சி. அது 1989 முதல் 2000 வரை செர்னின் லெப் வளையத்தில் இயங்கியது. கோட்பாட்டின்படி குளுவானின் நிற மின்னேற்றமும் குவார்க்கினுடையதும் 9-க்கு 4 என்ற விகிதத்தில் உள்ளன. எனவே குளுவான் தாரையில் குவார்க் தாரையைப் போல இரண்டே கால் மடங்கு துகள்கள் இருக்க வேண்டும் என்று நேராக எதிர்பார்ப்போம். எண்ணிப் பார்த்தால் அவ்வளவு இல்லை; இரு வகைத் தாரைகளுக்கும் இடையிலான வித்தியாசம் எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது, எவ்வளவு என்பதும் தாரையைப் பிரித்த விதியைப் பொறுத்தது. இத்தோடு நின்றிருந்தால் பிக்கரிங் சொன்னது சரி என்றாகியிருக்கும். டெல்ஃபி குழுவினர் கேள்வியை மாற்றினார்கள்: மொத்த எண்ணிக்கையை விட்டுவிட்டு, தாரையின் ஆற்றல் அளவு கூடக்கூட எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்று பார்த்தார்கள். 1999-இல் அவர்கள் அறிவித்த விகிதம் 2.246, ஐயப்பாடு சுமார் 0.14. இரண்டே காலைத் தர வேண்டும் என்று எந்த விதியிலும் யாரும் எழுதிவைக்கவில்லை.

விடெரோவின் யோசனையோ வீக்கின் கருவியோ நார்வே மண்ணில் இயங்கவில்லையே, இதை எப்படி நார்வேயின் வரலாறு என்பது என்றும் கேட்கலாம். இந்தத் துறைக்கே சொந்த மண் குறைவு. பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து 1954-இல் செர்னைத் தோற்றுவித்தபோது நார்வே அவற்றில் ஒன்றாக இருந்ததன் பொருளே, சின்ன நாடு ஒன்று தன் பொறியாளர்களையும் ஆசிரியர்களையும் பொதுக் களத்துக்கு அனுப்பிவைக்கும் என்பதுதான். அட்லஸ் கருவியின் சிலிக்கன் தட உணரிகளைச் செய்ததில் ஓஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் பங்கு உண்டு. மோதல் நடந்த இடத்துக்கு மிக அருகில், எந்தத் தடம் எந்த மோதலிலிருந்து கிளம்பியது என்று பிரித்துச் சொல்பவை அவை. ஒரே கற்றைக் குறுக்கீட்டில் பல பத்து மோதல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்போது, தாரைக்குள் நுழைந்துவிட்ட அந்நியத் துகள்களைக் கழித்துவிட இந்தத் தகவல் வேண்டும். அதற்குப் பிறகும் தாரையின் ஆற்றலை அப்படியே நம்ப முடியாது. ஒரு பக்கம் தாரையும் மறுபக்கம் நன்றாக அளக்கப்பட்ட ஃபோட்டானும் பாயும் நிகழ்வுகளைப் பொறுக்கி, இரண்டும் சமன்படுகின்றனவா என்று சரிபார்த்துத்தான் தாரை ஆற்றலின் பிழையை, சாதகமான வரம்புகளில், ஒரு சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தாரைகளின் வரலாறு அளவை விதிகளின் வரலாறே என்ற வாதத்துக்கு மிக வலுவான சான்றாக எனக்குத் தோன்றுவது ஒரு பழைய தரவின் மறுபிறவி. பெட்ராவில் ஜேட் கருவி 1986-இல் நின்றது. பத்தாண்டு கழித்து, ஆகனில் இருந்த ஜீக்ஃப்ரீட் பெத்கேயும் சகாக்களும் அந்தத் தரவைப் பழைய நாடாக்களிலிருந்து மீட்டு, வழக்கொழிந்த மென்பொருளை மீண்டும் ஓடவைத்து, லெப் காலத்து அளவைகளையும் கணக்கீடுகளையும் அதன்மீது செலுத்தினார்கள். 1998-இல் முடிவுகள் வெளிவந்தன. மோதல்கள் அதே பழைய மோதல்கள், 22 முதல் 44 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் வரை. மாதிரிக்கு மாதிரி ஆடிக்கொண்டிருந்த வலிய விசையின் மதிப்பு 35-இல் சுமார் 0.14 என்று நிலைகொண்டது. லெப் வளையம் 91-இல் தந்த மதிப்பு 0.12-ஐ ஒட்டியது. ஆற்றல் ஏற ஏற விசை தளரும் என்ற கோட்பாட்டின் கணிப்பு, புதிதாக ஒரு மோதலும் நடத்தாமல், அந்த நாடாக்களிலிருந்தே கிடைத்தது.